பிரெஞ்சில் 189 மார்க் வாங்கியவள் பிரெஞ்சில் இயற்பியல் படிக்கப் போன கதை

பிளஸ் டூவில் பிரெஞ்சுப் பாடத்தில் நான் வாங்கியது 200க்கு 189. கடலூரில் பிரெஞ்சு எடுக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான் எடுப்பார்கள்: மார்க் அள்ளலாம். நானும் அதற்குத்தான் எடுத்தேன். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் ஆங்கில வழிக்கும் பிரெஞ்சுக்கும் ஒரே நாளில் மாறினேன். வினைச்சொல் அட்டவணைகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். ஒரு பிரெஞ்சுக்காரர் எதிரில் வந்து மணி என்ன என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். பிரெஞ்சை ஆங்கிலத்தில் நடத்தினார்கள், நாங்கள் தமிழில் சந்தேகம் கேட்டோம், தேர்வில் மட்டும் பிரெஞ்சு எழுதினோம். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த 189 கொடுத்த தைரியம்தான் ஆரம்பம்.

பி.எஸ்சி. இயற்பியலைக் கடலூரிலேயே 2020இல், கொரோனாவோடு சேர்த்து முடித்தேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு வருடம் டியூஷன் எடுத்தேன். பிரான்சில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு, லிசான்ஸ் என்கிற இளநிலைப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் நேராகச் சேர்ந்தால் அங்கேயே மாஸ்டர் போகலாம் என்று ஒரு சீனியர் அக்கா சொன்னார். ஆங்கிலத்தில் நடத்தும் படிப்புகளும் அங்கே உண்டு. ஆனால் லிசான்ஸ் அளவில் இயற்பியல் பெரும்பாலும் பிரெஞ்சில்தான். அதற்கு பிரெஞ்சு மொழித் திறனில் பி2 என்ற நிலைக்கான சான்றிதழ் வேண்டும். அதனால் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். பேருந்து கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று போகும். அந்த ஒரு மணி நேரம் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பிரெஞ்சு கேட்பேன். கேட்டதெல்லாம் தேர்வுக்கான பழைய ஒலிப்பதிவுகள். சூழலைக் காப்பது எப்படி, வீட்டிலிருந்து வேலை செய்வது நல்லதா, இந்த மாதிரி. தெளிவான உச்சரிப்பு, பின்னணிச் சத்தம் இல்லை, முக்கியமான பதிவுகளை இரண்டு முறை போடுவார்கள்.

அந்தச் சான்றிதழுக்கான டெல்ஃப் பி2 தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மார்க். மொத்தம் 50 வந்தால் தேர்ச்சி, எந்தப் பிரிவிலும் 5க்குக் கீழே போகக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. எனக்கு 58 வந்தது. வீட்டில் கேசரி கிண்டினார்கள். அந்தத் தாளை இப்போது எடுத்துப் பார்த்தால் எல்லாம் அதிலேயே எழுதியிருக்கிறது: வாசித்தல் 20, எழுதுதல் 16.5, பேசுதல் 13, கேட்டல் 8.5. மொத்தத்தை மட்டும்தான் பார்த்தேன். நீங்கள் போகப்போகிறவர் என்றால் மொத்தத்தை விட்டுவிட்டு கேட்டல் மார்க்கை மட்டும் பாருங்கள். அது 15க்குக் கீழே இருந்தால் வகுப்பில் உட்காரும்போது உங்கள் நிலை பி2 இல்லை. சான்றிதழ் என்ன சொன்னாலும் சரி.

இதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் ஒருவர் இருந்தார். புதுச்சேரியில் ஒரு ஏஜென்ட். 60,000 ரூபாய் வாங்கினார். 'பி2 இருக்குல்ல, அப்புறம் என்னம்மா, அங்க போனா தானா வந்துடும்' என்றார். அவர் செய்ததெல்லாம் பிரான்சில் படிக்க விண்ணப்பிக்கும் காம்பஸ் பிரான்ஸ் அமைப்பின் இணையதளத்தில் என் மார்க் ஷீட்டுகளை ஏற்றியதும், எதற்காகப் படிக்க விரும்புகிறேன் என்ற கடிதத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதும்தான். நேர்முகத்தில் அந்தக் கடிதத்திலிருந்தே கேள்வி கேட்டார்கள், எனக்குப் பாதி தெரியவில்லை. அந்தப் படிவத்தை நாமே நிரப்பலாம், இரண்டு நாள் வேலை. 60,000 ரூபாயில் ஒரு நல்ல மடிக்கணினியே வாங்கியிருக்கலாம். சரி, விடுங்கள்.

2022 செப்டம்பர். மேற்கு பிரான்சில் ஒரு நகரம். முதல் வகுப்பு மின்காந்தவியல், 'கூர் மஜிஸ்த்ரால்' என்பார்கள், பெரிய அரங்கில் எல்லோருக்கும் சேர்த்து நடக்கும் விரிவுரை. பேராசிரியர் ஸ்லைடு எதுவும் போடவில்லை. சாக்பீஸ் எடுத்தார், பலகைப் பக்கம் திரும்பினார், பேச ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தால் அதில் இருந்தது தேதி, பேராசிரியரின் பெயர், நான்கு சமன்பாடுகள், நடுவில் 'ஆகவே' என்று ஒரு சொல். எது ஆகவே எது என்று தெரியவில்லை. சமன்பாடுகள் எனக்குத் தெரிந்தவைதான், கடலூரில் படித்தவைதான். அவற்றுக்கு நடுவில் அவர் சொன்னதுதான் பாடம், அது முழுக்கப் போய்விட்டது. பக்கத்தில் இருந்த பெண் நான்கு நிறப் பேனாவில் கூட்டெழுத்தில் எட்டுப் பக்கம் எழுதியிருந்தாள்.

எண்களில் ஆரம்பித்தது அடுத்த கூத்து. பிரெஞ்சில் 97 என்பதை 'நாலு இருபதும் பதினேழும்' என்றுதான் சொல்வார்கள். இதை 189 மார்க் வாங்கியவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒருவர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போகும்போது, நாலு இருபது எண்பது, கூட பதினேழு என்று நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். கையால் எழுதும் 1க்கு நீளமான மேல்கொம்பு இருக்கும், நமக்கு 7 மாதிரி தெரியும். அவர்களுடைய 7க்கு நடுவில் ஒரு கோடு. முதல் மாதம் ஒரு கணக்கில் 1.7 என்பதை 7.7 என்று பார்த்து இரண்டு பக்கம் போட்டிருக்கிறேன். பில்லியன் என்று ஒருவர் சொன்னால் நம் காதில் நூறு கோடி. பிரெஞ்சில் அது லட்சம் கோடி; நூறு கோடிக்கு அவர்கள் 'மில்யார்' என்பார்கள்.

எண்களாவது பழகிவிடும். சொற்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. தெரியாத சொல் என்றால் அகராதி பார்ப்போம். தெரிந்த மாதிரி இருக்கிற சொல்லை யார் பார்ப்பார்கள்? 'தான்சியோன்' என்று கேட்டதும் எனக்கு ஆங்கில 'டென்ஷன்', கயிற்றில் இருக்கும் இழுவிசை நினைவுக்கு வந்தது. மின்சுற்றில் கயிறு எங்கே வந்தது என்று பத்து நிமிடம் யோசித்தேன். அது மின்னழுத்த வேறுபாடு. அதற்கு நாம் போடும் எழுத்தையும் போடமாட்டார்கள், 'யூ' போடுவார்கள். 'மொமான்' என்றால் உந்தம் என்று நினைத்தேன். இல்லை. 'மொமான் சினெதீக்' என்பது கோண உந்தம். நேர்கோட்டு உந்தத்துக்கு அவர்கள் சொல்வது 'காந்தித்தே த மூவ்மான்', அதாவது இயக்கத்தின் அளவு. காந்தி, மூவ்மென்ட் என்று மனதில் போட்டுக்கொண்டேன், இனி செத்தாலும் மறக்காது. 'பொசித்தீஃப்' என்றால் நமக்கு சுழியத்தை விடப் பெரிய எண். அவர்களுக்குச் சுழியமும் அதில் சேரும். திசையன்களின் குறுக்குப் பெருக்கலுக்குப் பெருக்கல் குறி போடாமல் ஒரு சின்னக் கூரை போடுவார்கள். பாயில் விதி அங்கே மரியோத் விதி. ஒளிவிலகலில் ஸ்நெல்லை தெகார்த்தோடு சேர்த்தோ, தெகார்த் பெயரை மட்டுமோ சொல்வார்கள். அவரவர் ஊர்க்காரரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் போல.

மார்க் போனது 'தான்சித்தே'யில். ஆய்வகத்தில் ஒரு திரவத்தின் அடர்த்தி கண்டுபிடித்து அறிக்கை எழுத வேண்டும். நான் தான்சித்தே என்று எழுதி, பக்கத்தில் கனமீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்று அழகாக அலகு போட்டேன். சிவப்பு மையில் ஒரு கோடும் ஆச்சரியக்குறியும் வந்தன. பிரெஞ்சில் தான்சித்தே என்பது ஒப்படர்த்தி, அதற்கு அலகே கிடையாது. நாம் சொல்லும் அடர்த்திக்கு 'மாஸ் வொலுமீக்' என்று வேறு சொல். இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு வந்தவள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்யும் தப்பைச் செய்தாள் என்றுதான் அந்த ஆசிரியர் நினைத்திருப்பார். அன்றைக்கு அறைக்குப் போய் அழுதேன். எனக்குத் தெரிந்ததைக்கூடத் தெரியாதவள் மாதிரி ஆகிவிட்டேனே என்பதுதான் தாங்கவில்லை.

கேட்டிருக்கலாம். 'தே தே' என்று சின்னக் குழுவாக உட்கார்ந்து கணக்குப் போடும் வகுப்புகள் உண்டு. கேள்வி கேட்பதற்கென்றே இருக்கும் வகுப்பு அது. நான் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் 'புரிகிறதா' என்று கேட்டால் தலையாட்டுவேன். நம் ஊரில் பழகிய தலையாட்டல். மாலையில் அறைக்கு வந்தால் அதே விடுதியில் இரண்டு சென்னைப் பெண்கள். ஆங்கிலத்தில் எம்பிஏ படிக்க வந்தவர்கள். ரசம் வைப்போம், தமிழில் அரட்டை அடிப்போம். அந்த அரட்டை இல்லாமல் போயிருந்தால் நவம்பரில் பெட்டியைக் கட்டியிருப்பேன். ஆனால் நாளுக்கு மூன்று மணி நேரம் தமிழ் பேசி, இருபது நிமிடம் பிரெஞ்சு பேசியதும் உண்மைதான். டிசம்பரில் ஒரு நாள் வகுப்புத் தோழன் ஒருவன் ஒரு தேர்வைப் பற்றி, 'பாஸே' என்ற வினைச்சொல்லைப் போட்டு, நேற்று 'பாஸே' செய்தேன் என்றான். தேர்ச்சி பெற்றுவிட்டான் என்று நினைத்துக் கைகொடுத்து வாழ்த்தினேன். அவன் விழித்தான். அங்கே அதற்குத் தேர்வு எழுதினேன் என்றுதான் பொருள்.

இப்போது நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனத்துக்கு வருகிறேன். ஜனவரியில் முதல் செமஸ்டர் தேர்வு. மின்காந்தவியல் தாளுக்கு முந்தின இரவு எதுவும் தலையில் ஏறவில்லை. இதை எழுதி 4 மார்க் வாங்கி அசிங்கப்படுவதற்குப் போகாமலே இருந்துவிடலாம், அரியர் மாதிரி ஜூனில் எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். நம் கல்லூரிக் கணக்கில் அதில் பெரிய நஷ்டம் இல்லை, தாளுக்குத் தாள் தனி. அங்கே அப்படி இல்லை. 20க்கு 10 தேர்ச்சி, ஒரு தாளில் குறைந்தால் இன்னொரு தாளின் மார்க் அதை ஈடுகட்டும், செமஸ்டர் சராசரி 10 வந்தால் போதும். ஆனால் காரணமில்லாமல் ஒரு தாளுக்கு வராமல் போனால் 'தெஃபையான்' என்று போட்டுவிடுவார்கள்; அதன்பிறகு சராசரியே கணக்கிடமாட்டார்கள். முடிவு வந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். கணிதம் 13.5, ஒளியியல் 11, ஆய்வகம் 12, ஆங்கிலம் 17, குவாண்டம் 8.5. மின்காந்தவியலில் அந்த 4 மார்க்கை வாங்கியிருந்தால்கூட என் சராசரி 11. தேறியிருப்பேன். எழுத ஒன்றும் தெரியாவிட்டாலும் போய்ப் பெயரை எழுதிவிட்டு உட்காருங்கள். விதிமுறைத் தாளைச் செப்டம்பரிலேயே தருகிறார்கள், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், அதை அகராதி வைத்தாவது படித்துவிடுங்கள். என்னிடமும் இருந்தது. படுக்கைக்கு அடியில்.

இரண்டாம் செமஸ்டரும் 8.7இல் நின்றது. ஜூனில் 'ரத்ரப்பாஜ்', அதாவது மறுவாய்ப்புத் தேர்வு. பத்து நாளில் ஐந்து தாள்; ஜனவரியில் அந்த ஒரு தாளுக்குப் போயிருந்தால் மூன்றோடு முடிந்திருக்கும். இரண்டுதான் தேறின. பாக்கி மூன்று பாடத்துக்காக முழு வருடமும் திரும்ப. அறை வாடகை, சாப்பாடு, பேருந்து அட்டை எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 680 யூரோ எனக்குச் செலவு. பன்னிரண்டு மாதத்துக்கு 8,160. அன்றைய மதிப்பில் 7 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் பக்கம். அம்மாவின் எட்டுப் பவுன் ஏற்கெனவே திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அடகுக் கடையில் இருந்தது. அப்பாவிடம் சொல்ல நான்கு நாள் ஆனது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'பாப்பா, பாடம் புரியலையா, அவங்க பேசுறது புரியலையா?' என்று கேட்டார். ஒரு வருடமாக யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்பாதான் வழியும் பண்ணினார். அவருடைய நண்பருக்குத் தெரிந்த ஒரு சொல்தா தாத்தா புதுச்சேரியில் இருந்தார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குபவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள், சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்தான் அது. அந்தக் கோடை முழுக்க தினம் அரை மணி நேரம் வாட்ஸ்அப்பில் அவரோடு பிரெஞ்சில் பேசினேன். அவர் பிரெஞ்சு என் புத்தகப் பிரெஞ்சு இல்லை, பாதிச் சொல்லை விழுங்கிவிட்டுப் பேசுகிற பட்டாளப் பிரெஞ்சு. இரண்டாம் நாளே என்னைப் பிடித்துவிட்டார். தமிழுக்கு மாறி, 'ஏம்மா, புரியலைன்னா புரியலைன்னு சொல்லு. பட்டாளத்துல புரியாம தலையாட்டுனவன்தான் மொதல்ல அடி வாங்குவான்' என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திரும்பக் கேட்டேன். விலைவாசி, வண்டி எண், பிறந்த தேதி என்று எண்களாகவே சொல்லி எழுதச் சொல்வார். ஆகஸ்ட் கடைசியில் 97 எனக்கு 97ஆகவே கேட்டது.

இன்னொரு வேலையும் அந்தக் கோடையில் செய்தேன். ஃபன் மூக் என்று பிரெஞ்சுப் பல்கலைக்கழகப் பாடங்களுக்கான தளம் 2013இலிருந்தே இருக்கிறது, இலவசம். நிஜமான பேராசிரியர்கள் நிஜமான வேகத்தில் பேசுவார்கள், கீழே எழுத்து வடிவமும் கிடைக்கும். முதலில் எழுத்தில்லாமல் பத்து நிமிடம் கேட்பேன், கேட்டதை எழுதுவேன், பிறகு எழுத்தோடு ஒப்பிடுவேன். இதைக் கடலூர் பேருந்திலேயே செய்திருக்கலாம் என்று நினைக்கும்போது இன்றும் எரிச்சல் வரும். பி2 முடித்துவிட்டுப் புறப்படுவதற்குள் மூன்று நான்கு மாதம் கிடைக்கும். எல்லோரும் அப்போது பெட்டியும் பிரஷர் குக்கரும் வாங்கிக்கொண்டிருப்போம்.

செப்டம்பரில் ஒரு நீள நோட்டு வாங்கி மூன்று பத்தி போட்டேன். இடப்பக்கம் பிரெஞ்சு, கடைசியில் ஆங்கிலம், நடுவில் தமிழ். தமிழ் ஏன் என்று விடுதிப் பெண்கள் சிரித்தார்கள். முதல் வருடம் முழுக்க பிரெஞ்சைக் கேட்டு ஆங்கிலத்துக்கு மாற்றி, அதை உள்ளே தமிழில் புரிந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் முடுக்கத்தை முடுக்கம் என்றும், உந்தத்தை உந்தம் என்றும்தான் முதலில் கற்றேன். பொருள் அங்கேதான் இருக்கிறது. பிரெஞ்சுச் சொல்லை அதன் பக்கத்தில் நேராக உட்காரவைத்ததும் ஒரு படி குறைந்தது. தம்பியின் தமிழ் வழி இயற்பியல் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். இது எல்லோருக்கும் பொருந்துமா என்றால், ஆரம்பத்திலிருந்தே ஆங்கில வழியில் படித்தவர்களுக்குத் தேவைப்படாது. தமிழ் வழியில் படித்துவிட்டு அதை ஒரு குறையாக மறைப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

வகுப்பிலும் சில வெட்கங்களை விட்டேன். முதல் வாரமே ஒவ்வொரு ஆசிரியரிடமும் போய், நான் பிரெஞ்சில் வளர்ந்தவள் இல்லை, ஒலிப்பதிவு செய்துகொள்ளலாமா, அச்சிட்ட குறிப்பு ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஒருவர் மட்டும் பதிவு வேண்டாம் என்றார். மற்றவர்கள் சரி என்றார்கள், ஒருவர் நூற்றைம்பது பக்கக் குறிப்பை அங்கேயே எடுத்துக் கொடுத்தார், போன வருடமும் அது அவர் அலமாரியில் இருந்திருக்கும். தேர்வுக்கு இருமொழி அகராதி கொண்டுவர எங்கள் துறையில் அனுமதி உண்டாம், முன்கூட்டியே எழுதிக் கேட்டவர்களுக்கு. துனீசியாவிலிருந்து வந்த ஒரு தோழியோடு சேர்ந்து கணக்குப் போட்டேன். அவளுக்குப் பிரெஞ்சு சரளம், கணிதத்தில் தடுமாறுவாள், எனக்கு நேரெதிர். வாராவாரம் அவள் எனக்குப் பேராசிரியர் சொன்னதைச் சொல்வாள், நான் அவளுக்கு அவர் பலகையில் எழுதியதை விளக்கிச் சொல்வேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசாவுக்கு மாதம் 615 யூரோ கையில் இருப்பதாகக் காட்டச் சொன்னார்கள். அதை வைத்து வாழ்ந்துவிடலாம் என்று நம்பாதீர்கள், முதல் மாதம் அறை முன்பணம், மெத்தை, கம்பளி என்று இரட்டிப்பாகும். வீட்டு வாடகைக்கு ஜாமீன் ஆள் கேட்பார்கள், அதற்கு 'விசால்' என்று இலவச ஏற்பாடு இருக்கிறது, யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். வருடத்துக்கு 964 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு. முதல் செமஸ்டரில் வேலைக்குப் போகாதீர்கள் என்பேன், ஆனால் அது வீட்டு நிலைமையைப் பொறுத்தது. நான் இரண்டாம் வருடம் ஓர் உணவகத்தில் வாரக் கடைசியில் பாத்திரம் கழுவினேன். அங்கே கற்ற பிரெஞ்சை எந்த வகுப்பிலும் சொல்லித்தரமாட்டார்கள்.

2024 ஜூனில் மூன்று பாடமும் முடிந்தன. மின்காந்தவியலில் 12. இப்போது அங்கேயே மாஸ்டர் படிக்கிறேன், விடுமுறைக்குக் கடலூர் வந்திருக்கிறேன். போன வாரம் புதுப்பாளையத்திலிருந்து ஓர் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் பி2 முடித்துவிட்டான், 71 மார்க், எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பெருமையாகச் சான்றிதழை நீட்டினான். கேட்டல் எவ்வளவு என்று பார்த்தேன். 11. அந்த மூன்று பத்தி நோட்டைக் கொடுத்து, படம் பிடித்துக்கொண்டு திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுவா, எனக்கு வேண்டும் என்றேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். கையில் ஒரு வளையல்தான் இருந்தது. எட்டுப் பவுனில் ஐந்து மீட்டாகிவிட்டது, ஜோடி வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.